என் பாதி டீ

தை 8, புதன்

காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு வாசலில் நின்ற வண்டி கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் பல்லைக் காட்டிவிட்டது. பொங்கல் லீவு முடிந்து இன்றைக்குத்தான் பனியன் கம்பெனி திறப்பு.

இது கம்பெனி தந்த டைரி. இரண்டு வருசம் பழசு. அச்சடித்த கிழமை இந்த வருசக் கிழமையோடு சேராது. அதை அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த எழுத்து. படிக்க யாரும் இல்லை, தப்பு வந்தால் வரட்டும்.

எழுதுவது எதற்கு என்றால், இதை யாரிடமும் சொல்ல முடியாது. செக்கிங் டேபிளில் எல்லோரையும் கேலி பேசிச் சிரிக்க வைப்பவள் நான். சரசு வாயைத் திறந்தால் சூப்பர்வைசரே தள்ளிப் போவார். என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்க நான் இடம் கொடுத்ததில்லை.

விசயம் இதுதான். பொங்கலன்று இரண்டு கிண்ணம் பால் பொங்கல் சாப்பிட்டேன். மேலே பாயசம். மத்தியானம் வயிற்றுக்குள் உருமி மேளம். பிறகு ஓட்டம். மூன்று நாளும் அதே கதை. அதற்கு முன்னாலும் ஆறு மாதமாகவே உப்புசம், காற்று, இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போனேன். எதைச் சாப்பிட்டால் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, ஆறு மாதமாக தினம் ஒரு சொம்பு பால் குடிப்பதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரை: பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. இரண்டு பாசிமணி ஒட்டின மாதிரி. நடுவில் வெட்டினால்தான் உடம்பில் சேரும். வெட்டுகிற சாமான் குடலில் சுரக்க வேண்டும். கைக்குழந்தைக்கு நிறையச் சுரக்கும். பால்குடி மறந்து வளர வளர நிறையப் பேருக்குக் குறைந்துவிடும். வெட்டாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், காற்றாகும், தண்ணீரை இழுக்கும். அதுதான் மேளம், அதுதான் ஓட்டம். சீக்கு இல்லை, பயப்படாதீங்க என்றார்.

அதாவது என் வயிற்றுக்குள் டிரிம்மிங்கில் ஆள் இல்லை. நூல் வெட்டாத பீஸ் எல்லாம் நேராக பேக்கிங்குக்குப் போகிறது.

இரண்டு வாரம் பாலைத் தொடக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடைசியாக வேறு ஏதோ சொன்னார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இது வரைக்கும் சரி. இனிமேல்தான் சொல்ல முடியாத சங்கதி.

பதினொன்றுக்குப் பெல். பத்து நிமிசம். கேட்டுக்கு எதிரே பேக்கரி. பதினாறு வருசமாக நானும் டேபிளில் என் ஜோடியான மரகதமும் ஒன் பை டூ. ஒரு டீ, இரண்டு கிளாஸ். கஞ்சத்தனம் இல்லை. முழு டீ ஆறுவதற்குள் திரும்பப் பெல் அடித்துவிடும், பாதி டீ சீக்கிரம் ஆறும். ஊற்றுவது அவள். நுரை எனக்கு. அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரை அவளுக்கு. இப்படி என்று பேசி வைத்துக்கொண்டதில்லை.

பால் ஆகாதாம் என்று மட்டும் மரகதத்திடம் சொல்லிவிட்டு, இன்றைக்கு நான் பால் இல்லாத டீ சொன்னேன். மரகதம் கையில் ஒரு டீ, ஒரு காலி கிளாஸ். சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் எங்கள் டேபிளுக்குப் புதிதாக வந்த ரீனா நின்றிருந்தாள். அவளுக்கு ஊற்றிவிட்டாள்.

நுரையோடு.

தை 9, வியாழன்

பனி. தண்ணீர் வரும் நாள். ஐந்து குடம், இரண்டு பக்கெட். வீட்டுக்காரருக்கு இட்லி. எனக்கு வரக்காப்பி. கசக்கிறது.

பாலே வேண்டாம் என்றால் விடு, மாட்டுக்காவது சந்தோசம் என்கிறார் வீட்டுக்காரர். இவருக்கும் கேலி வருகிறது. என்னிடம் பிடித்துக்கொண்ட நோய்.

ரீனாவைப் பற்றி. பீகார்க்காரி. இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். புருசன் சாயப்பட்டறையில். பொங்கலுக்கு முந்தின வாரம்தான் டிரிம்மிங்கில் இருந்து எங்கள் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். தமிழ் இங்கே வந்து கற்றது. அவன், அவள் எல்லாம் கிடையாது, ஆளெல்லாம் அது. நான் என்பது கூட அதுதான். ஆனால் ஒன்று, ‘ங்க’ மட்டும் விடமாட்டாள். நான் டீ குடிக்குதுங்க என்பாள். நாங்களே ஒரு நேரம் மறப்போம், அவள் மறக்க மாட்டாள்.

காலையில் அரை லிட்டர் பால் குடித்துவிட்டு வருகிறாளாம். சும்மா, பச்சைத் தண்ணீர் மாதிரி. மரகதமே சொன்னாள், பெருமையாக. ஒரு ஏப்பம் உண்டா. வடக்கே கொஞ்சம் பேருக்குக் கடைசி வரை அந்த வெட்டுகிற சாமான் குறையாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்குக் குடலில் டபுள் ஷிப்ட். எனக்கு லீவு.

இதோடு நின்றால் தாங்கிக்கொள்வேன்.

டீ ஊற்றும்போது ரீனா மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆத்தா, ஆத்தா’ என்கிறாள். இரண்டு தடவை கேட்டேன். ஆத்தா! மரகதத்துக்கு இரண்டும் பையன்கள். பொம்பளைப் பிள்ளை ஒன்று இல்லையே என்று இந்தப் பதினாறு வருசத்தில் என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். பெற்ற பையன்களே மம்மி என்கிறான்கள். எங்கிருந்தோ வந்தவளுக்கு ஆத்தா ஆகிவிட்டாள். அவளும் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறாள்.

நான் தள்ளி நின்று கறுப்புத் தண்ணீரை ஊதினேன்.

தை 10, வெள்ளி

பால் சேர்ந்தவை என்று இப்போதுதான் தெரிந்தவை:
– பேக்கரி கிரீம் பன்
– பால்கோவா (தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஆசை)
– வீட்டுக்காரர் வாங்கி வரும் பிஸ்கட்டில் பாதி
– சத்து மாவு டப்பா
– ஜவ்வரிசிப் பாயசம்

தயிர் கொஞ்சம் பரவாயில்லை என்றார் டாக்டர். உறை மோர் ராத்திரியே பாதி சர்க்கரையைத் தின்றுவிடுமாம். மோர் சாப்பிட்டேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை டிரஸ் ஆர்டர். சின்னச் சின்ன பீஸ். கழுத்தில் தையல் விட்டிருக்கிறதா, துணியில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, திருத்தித் தைக்க ஆல்டருக்குப் போட வேண்டும். இன்றைக்கு என் கூடையில் ஆல்டர் அதிகம். சூப்பர்வைசர் கேட்டார், ஏனுங்க சரசக்கா, இன்னைக்கு எல்லாமே தப்பாத் தெரியுதுங்களா என்று. ஆமாங்க என்றேன். உண்மைதான்.

தை 11, சனி

செய்யக்கூடாததைச் செய்தேன். எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதத்தானே டைரி.

பத்தரைக்கு ரீனா குனிந்து கூடையில் பீஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு அம்பு ஸ்டிக்கரை எடுத்து அவள் முதுகில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, ஆல்டர் பீஸ், எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாது என்றேன். டேபிளே சிரித்தது. ரீனாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

பெல் அடித்தது. முதுகில் சிவப்பு அம்போடு கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பேக்கரி வரை போனாள். அங்கே நின்ற ஆம்பிளைகளும் பார்த்துச் சிரித்தார்கள். போய் எடுத்துவிட்டிருக்கலாம். போகவில்லை.

மரகதம் பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள். ரீனாவின் முதுகைத் தடவுகிற மாதிரி தடவி எடுத்தாள். அவளுக்குத் தெரியவே விடவில்லை. பிறகுதான் டீ ஊற்றினாள்.

டேபிளுக்குத் திரும்பினோம். மரகதம் உள்ளங்கையில் வைத்திருந்த அந்த ஸ்டிக்கரை எனக்கு நேராக, மேஜை மேல், அம்பு என்னைப் பார்க்கிற மாதிரி ஒட்டினாள். பிறகு சாயங்காலம் வரை பேசவில்லை.

பதினாறு வருசத்தில் நாங்கள் சண்டை போட்டதுண்டு. அவள் கம்முனு இருந்ததில்லை.

தை 13, திங்கள்

பனி குறைவு. வயிறு பூ மாதிரி இருக்கிறது. உப்புசம் எல்லாம் மனசில்.

மரகதம் பேசுகிறாள். கத்தரி குடு, கூடை நகர்த்து, அவ்வளவுதான். ‘அம்மிணி’ போய்விட்டது. எப்போதும், ஏ அம்மிணி, அந்தக் கூடையைத் தள்ளு என்பாள்.

ஸ்டிக்கரை மேஜையில் இருந்து உரித்து இங்கே, இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ரீனா எனக்கு ஒரு துண்டு தேங்காய் பன் கொண்டு வந்து நீட்டினாள். அதில் பால் இருக்கிறது என்றேன். பால் இல்லாத பன் எதுங்க என்று பேக்கரிக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கவே பிடிக்கவில்லை. நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்.

தை 15, புதன்

மரகதம் நெருப்பெரிச்சல் ஊரில் வீடு கட்டியது முடிந்துவிட்டது. சொந்த வீடு. வரும் ஞாயிறு பால் காய்ச்சுகிறாள்.

அந்த வீட்டுப் பேச்சை ஒவ்வொரு நாளும் பாதி டீயோடு கேட்டவள் நான். சமையல் மேடை எந்தப் பக்கம், பாத்ரூம் கதவு உள்ளே திறக்க வேண்டுமா வெளியே திறக்க வேண்டுமா, எல்லாம் பேக்கரி வாசலில் முடிவானது. பாத்ரூம் கதவு வெளியே திறக்க வேண்டும், வயசானால் உள்ளே விழுந்து கிடந்தாலும் யாராவது திறக்கலாம் என்று சொன்னதே நான்.

மரகதம் டேபிளின் தலைமாட்டில் நின்று எல்லோருக்குமாகச் சொன்னாள்: “ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குப் பால் காச்சறேனுங்க. எல்லாரும் வந்துருங்க.”

எல்லோரும். அதில் நானும் ஒரு ஆள். என் பக்கம் திரும்பவில்லை.

ரீனாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, முந்தின நாளே வந்துவிடு, கோலத்துக்கு ஆள் வேண்டும் என்றாள். காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் நானும் அந்தப் பக்கமாகக் கூடை எடுக்கப் போனேன்.

பால் காய்ச்சுகிற வீட்டில் பாலை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. எந்த வீட்டில் சொன்னாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. நான் போய் அவள் அடுப்பில் முதன்முதலாகப் பொங்கின பாலை வேண்டாம் என்றால்? ஏற்கெனவே முகம் கொடுக்காதவள். போகாமல் இருந்தாலும் தப்பு.

தை 17, வெள்ளி

பீரோவில் ரவிக்கை தேடும்போது மணிபர்சுக்குள் டாக்டர் சீட்டு. அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. தமிழில்தான் எழுதியிருக்கிறார். கோழி கிளறின மாதிரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘2 வாரம் பால் வேண்டாம். பிறகு 1/2 டம்ளர். தாங்குகிறதா என்று பார்க்கவும்.’

ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வாரம் முடிகிறது. பிறகு ஒன்று இரண்டு டம்ளர் குடிக்கலாம்! இந்த மனுசன் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லக்கூடாதா.

நிம்மதி. புதுச் சேலை எடுத்து வைத்தேன். பச்சை.

ரீனா ஒரு டம்ளர் குடித்தால் நான் இரண்டு குடிப்பேன். சீட்டே இருக்கிறது.

தை 19, ஞாயிறு (சாயங்காலம், படுத்துக்கொண்டே எழுதுவது)

உடம்பில் தண்ணீர் இல்லை. உப்பு, சர்க்கரை போட்ட தண்ணீர் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் நம்ப முடியும்.

காலை நாலரைக்கு வீட்டுக்காரர் வண்டியில் இறக்கிவிட்டார். பனியில் நனைந்துவிட்டேன். வாசலில் பெரிய கோலம். ரீனா போட்டது. எங்கள் ஊர்க் கோலம் இல்லை, பூவும் கொடியுமாக வேறு மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஒரு கொடி கோணல் என்று மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு உள்ளே போனேன்.

சமையல் மேடை நான் சொன்ன பக்கம் இருந்தது.

புது அடுப்பு, புதுப் பாத்திரம், மஞ்சள் கட்டி. பால் கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தது. எல்லோர் முகத்திலும் சந்தோசம். மரகதம் டம்ளர் டம்ளராக எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உனக்குத்தான் ஆகாதே, சும்மா உதட்டில் தொட்டு வை, போதும் என்று மெதுவாகச் சொன்னாள். ஒன்பது நாளில் என்னிடம் அவள் பேசின பெரிய பேச்சு அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கலாம்.

ஆனால் அவள் பக்கத்தில் ரீனா நின்று, ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் காலி செய்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டரே குடிக்கச் சொல்லிவிட்டார் என்றேன். வாங்கினேன். குடித்தேன். நெய் மாதிரி இருந்தது, இரண்டு வாரம் பிரிந்திருந்த பால். இன்னொன்று கொடு என்றேன். மரகதம் முழித்தாள். குடித்தேன். ரீனாவைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

ஆறரைக்கு உருமி. இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்தவள் எழுந்தேன்.

அந்த வீட்டில் ஒரே பாத்ரூம். இன்னும் யாரும் போகாத பாத்ரூம். டைல்ஸில் ஒட்டின பேப்பர் கூட உரிக்கவில்லை. மேல் டேங்கில் தண்ணீர் ஏற்றவில்லை. குழாயைத் திருகினால் காற்று வருகிறது. எனக்குள்ளும் அதேதான்.

எத்தனை தடவை என்று எழுத மாட்டேன். ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க ஹாலில். அவர்களுக்கு நேராக அந்தக் கதவு. வெளியே திறக்கிற கதவு.

ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தது. நான் கேட்கவில்லை. கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். ரீனா. கோலப்பொடி படிந்த சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தெருக் குழாயில் இருந்து சுமந்து வருகிறாள். ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவை மறைக்கிற மாதிரி நின்று, “நான் இங்க இருக்குதுங்க அக்கா, யாரும் பார்க்காதுங்க” என்றாள்.

நான் ஸ்டிக்கர் ஒட்டின அதே முதுகு.

எட்டு மணிக்கு ஒறம்பரை எல்லாம் போய்விட்டார்கள். உள் அறையில் பாயில் படுத்துக் கிடந்தேன். ஒரு பக்கம் மரகதம், ஒரு பக்கம் ரீனா. மரகதம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அடுத்து அவள் பேசினது:

“ஏ அம்மிணி, டாக்டரு என்னதான் சொன்னாரு உனக்கு? ரெண்டு டம்ளரு குடிக்கச் சொன்ன டாக்டரு எவன்?”

அம்மிணி என்றாள். அதற்கே இன்னொரு தடவை ஓடலாம்.

மணிபர்சில் இருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மரகதத்துக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்து எழுத்து தெரியாது. கையை நீட்டித் தூரமாகப் பிடித்தாள். அப்படியே அது ரீனாவின் மூக்குக்கு நேராகப் போனது. ரீனாவுக்குத் தமிழில் ‘அ’ கூடத் தெரியாது. ஆனால் நம்பர் எல்லா ஊரிலும் நம்பர்தானே. விரலை வைத்தாள்.

“அக்கா, இது ஆதா.”

“எது ஆத்தா?” என்றேன். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் ஆத்தாவா?

“ஆதாங்க. பாதி. ஒன் பை டூ. நீங்க ரெண்டு குடிச்சுதுங்க.”

நான் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். 1, சாய்ந்த கோடு, 2. பதினாறு வருசமாக தினம் வாயால் சொன்னது. கண்ணால் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் கேட்டேன், தினம் டீ ஊற்றும்போது மரகதத்தை ஆத்தா ஆத்தா என்றாயே, அது என்ன என்று. ரீனா முழித்தாள். மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடிக்க வேண்டியவள் நான். பாதி பாதி என்று அவள் பாசையில் சொல்கிறாள், நிறைய ஊற்றாதே, உனக்கும் வை என்று கையைப் பிடிக்கிறாள், அவ்வளவுதான் என்றாள். எனக்கு ஆத்தா வேசம் கட்டி நீ பத்து நாளாக வெந்துகொண்டிருந்தாயா என்றாள்.

ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

மரகதம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். என் கையில் இருந்த சீட்டை வாங்கி நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நீ வேண்டாம்னுட்டே. பதினாறு வருசமா முழு டீ குடிச்சுப் பழக்கமில்ல புள்ள எனக்கு. பாதிக்கு மேல கை போக மாட்டேங்குது. மிச்சத்தை நான் ரோட்டுலயா ஊத்தறது?”

சீட்டை அவளிடம் இருந்து வாங்கி மணிபர்சில் வைத்தேன். கேலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. உன் வீட்டு பாத்ரூமை முதன்முதலாகத் திறந்து வைத்தது நான், வாசலில் கல்வெட்டு வைத்து என் பேரைப் போடு என்றேன்.

ரீனாவுக்கு அது புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

தை 20, திங்கள்

லீவு போட வேண்டியது. போடவில்லை.

டேபிளில் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து என் வயிற்றுக்கு நேராகச் சேலை மேல் ஒட்டிக்கொண்டேன். ஆல்டர் பீஸ், எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாது என்றேன். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரலில். சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கதையை நானே சொன்னேன், பக்கெட் உட்பட.

சொல்லி முடித்துவிட்டு ரீனாவைப் பார்த்து, அன்றைக்கு உன் முதுகில் ஒட்டினது நான்தான் என்றேன். அவள் எதிரில் இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், தெரியுமுங்க என்று. அன்றைக்கே தெரியுமாம். பேக்கரி கண்ணாடி அலமாரியில் பார்த்தாளாம். மரகதம் அக்கா தடவும்போது எதற்கு என்றும் தெரியுமாம்.

தெரிந்தும் தேங்காய் பன் கொண்டு வந்திருக்கிறாள்.

அம்பை நாள் முழுக்க எடுக்கவில்லை. டீ குடிக்கப் போகும்போதும், ரோட்டைத் தாண்டும்போதும். ஆம்பிளைகள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தை 22, புதன்

மதியம் நல்ல வெயில். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். இனி எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுகிறேன் என்றார். ஒரு சொம்பு தாங்காத வயிறு பல பேருக்குக் கொஞ்சத்தைத் தாங்குமாம். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. அவரவர்தான் மெல்ல மெல்லப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். இந்த ஆறு மாதத்துக்கு முன்னால் பால் எவ்வளவு குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

பாதி டீ என்றேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்கு வயிறு ஏதாவது சொன்னதா என்றார். இல்லை.

அப்புறம் என்ன, அந்தப் பாதி டீயில் இருந்தே ஆரம்பியுங்கள், ஆனால் வயிறு ஆறட்டும், அடுத்த வாரம் என்றார். பால் சொம்பை மட்டும் பரண் மேல் ஏற்றச் சொன்னார். கால் வலிக்கு ராகி, எள், கீரை.

புதுச் சீட்டு. ‘அரை டம்ளர்.’ எழுத்தில். படிக்கத் தப்பே வராது.

தை 24, வெள்ளி

ராகிக் களி. எள்ளுருண்டை. வீட்டுக்காரர் முகம் கோணிவிட்டது. அவருக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன்.

பொறாமை போய்விட்டதா என்று எனக்கே கேட்டுப் பார்க்கிறேன். போகவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது. ஆத்தா இல்லை, ஆதா. ஆனால் அந்தப் பாதி இன்னும் ரீனாவுடைய கிளாசில்தான் விழுகிறது. நுரையும். பக்கெட் சுமந்தவளிடம் நுரையைக் கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்க மனசு வரவில்லை.

இன்றைக்கும் தள்ளி நின்று கறுப்புத் தண்ணீர். ரீனாவின் மேலுதட்டில் நுரை. துடைக்க நினைவில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் நான் பாதி டீ குடிக்கலாம். யாருடைய பாதி?

தை 27, திங்கள்

பனி இல்லை. தை முடியப் போகிறது. காலையில் வெறும் இட்லி, வயிற்றை லேசாக வைத்துக்கொண்டு போனேன். பரீட்சைக்குப் போகிற மாதிரி.

பெல் அடிக்கும் வரை ஒன்றும் யோசிக்கவில்லை. ரோட்டைத் தாண்டும்போதுதான் பார்த்தேன், மரகதம் எனக்கும் ரீனாவுக்கும் நடுவில் நடக்கிறாள், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. பாவம், அவளுக்கும் அதே யோசனை. ஒரு டீயை மூன்றாக ஊற்ற முடியாது. பேக்கரிக்காரர் மூன்று கிளாஸ் தர மாட்டார், ஏற்கெனவே ஒன் பை டூவுக்கே முனகுகிறவர்.

மரகதம் டீக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். ஒரு டீ, ஒரு காலி கிளாஸ் என்றேன். வாங்கினேன். ரீனாவைக் கூப்பிட்டேன்.

“வா கண்ணு. ஆதா ஆதா.”

ரீனாவுக்குக் கண் விரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஊற்றினேன். பதினாறு வருசம் பார்த்துக்கொண்டே இருந்தும் கை பழகவில்லை, கொஞ்சம் சிந்திவிட்டது. நுரையை அவளுக்கு விட்டேன். அடியில் கிடந்த சர்க்கரை எனக்கு வந்தது. இத்தனை நாள் மரகதம் இதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாளா? நுரையை விட இதுதான் ருசி. கெட்டிக்காரி.

மரகதம் தனியாக நின்றாள். கையில் முழு டீ. ஊதினாள். உறிஞ்சினாள், சுட்டது. எங்களைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள், மறுபடி எங்களைப் பார்த்தாள். அந்த மூஞ்சியை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது நாளாகக் கண்ணாடியில் பார்த்த மூஞ்சி.

ரீனா என் காதில், அக்கா, மரகதம் அக்கா கோபமா இருக்குதுங்க என்றாள். இருக்கட்டும், நமக்கு டீ ஆறிவிட்டது குடி என்றேன்.

பெல் அடித்தது. எங்கள் கிளாஸ் இரண்டும் காலி. மரகதம் கையில் முக்கால் கிளாஸ், ஆவி பறந்துகொண்டு. அப்படியே மேடையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

டேபிளுக்கு வந்ததும், நான் வேலையைத் தொடங்கும் முன்னால், ஒரு சிவப்பு அம்பு என் முழங்கையில் வந்து ஒட்டியது.

“நாளைக்கு என்ற கூடத்தான் உனக்கு டீ,” என்றாள் மரகதம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சாப்பாட்டு பெல் வரைக்கும் மரகதம் என்னோடு பேசவில்லை. வயிறும் பேசவில்லை.